இருநூற்றுப் பதினான்காம் நம்பர் சீட்டு

என் வாயைப் பற்றி முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நரம்பில்லாத நாக்கு என்பார்களே, அது என்னைப் பார்த்துச் சொன்னதாகத்தான் இருக்கும். கோபம் எனக்கு மூக்கு நுனியில் உட்கார்ந்திருக்கும். வாய் அதற்கும் ஒரு அடி முன்னால் நிற்கும். "வாய்தான் அப்படி, மனசுல ஒண்ணும் கிடையாது" என்று என் வீட்டுக்காரர் எனக்காக எல்லோரிடமும் வக்காலத்து வாங்குவார். மனதில் இல்லாதது வாய்க்கு எங்கிருந்து வருகிறது என்று இதுவரை யாரும் அவரைக் கேட்டதில்லை. நானும் கேட்கவில்லை, எனக்கெதற்கு வம்பு.

இந்த வாயால் நான் செய்த ஒரு காரியத்தையும், அதிலிருந்து என் பெண்ணையும் என்னையும் கை கொடுத்துத் தூக்கிவிட்ட என் நாத்தனாரையும் பற்றித்தான் சொல்ல வந்தேன். ஒருத்தி நாத்தனாரைப் புகழப்போகிறாள் என்றதும் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொள்கிறவர்கள் இருப்பீர்கள். தாராளமாக இழுத்துப் போட்டுக்கொள்ளுங்கள்.

எங்களுக்கு ஒரு லாண்டரி இருக்கிறது. முன்னால் கவுண்டர், பின்னால் இரண்டு பெரிய வாஷிங் மெஷின், அதற்கும் பின்னால் நீராவி இஸ்திரி மேஜை. மேலே குறுக்கும் நெடுக்குமாகக் கம்பிகள், அவற்றில் பிளாஸ்டிக் உறை போட்ட சட்டைகளும் கோட்டுகளும். துணியைக் கொண்டுபோய்க் கொடுப்பது, வாங்கி வருவது என் வீட்டுக்காரர் பொறுப்பு. அதற்கு ஒரு வேன் இருக்கிறது. இஸ்திரி மேஜையில் பன்னிரண்டு வருஷமாக ஒருவர் நிற்கிறார். அவரை எல்லோரும் இஸ்திரி அண்ணன் என்றுதான் கூப்பிடுகிறோம். கவுண்டர் என்னுடையது. பைகளைத் துழாவிப் பார்ப்பது, கறையைக் கண்டுபிடிப்பது, நம்பர் குத்துவது எல்லாம் நான்தான்.

நம்பர் குத்துவது என்றால், எங்களிடம் ஒரு சுருள் இருக்கும். தண்ணீரில் ஊறினாலும் கிழியாத தடித்த காகிதம். ஒவ்வொரு நம்பரும் இரண்டு பாதியாக இருக்கும். ஒரு பாதியை ஊக்கால் துணியின் உள்பக்கம் குத்துவேன். மறு பாதி துணிக்காரர் கைக்குப் போகும். அதைத்தான் சீட்டு என்போம். புதிதாக வருகிறவர்கள் விலை உயர்ந்த கோட்டைக் கொடுத்துவிட்டுத் தயங்கித் தயங்கி நிற்பார்கள். அவர்களிடம் என் வீட்டுக்காரர் எப்போதும் ஒரே வசனத்தைத்தான் சொல்லுவார்: "சீட்டு உங்க கையில இருக்கிற வரைக்கும் பொருள் எங்கயும் போகாது." அதைக் கேட்டதும் அவர்கள் முகம் தெளிந்துவிடும்.

எங்கள் பெண்ணுக்கு ஆறு வயது. வீட்டில் அவள் பெயர் ரேடியோ. வைத்த பெயர் வேறு, ஆனால் கண் விழித்ததிலிருந்து கண் மூடும் வரை அணையாத ஒன்றை வேறென்ன சொல்லிக் கூப்பிடுவது. பள்ளி விட்டதும் நேராகக் கடைக்கு வந்துவிடுவாள். கவுண்டருக்குப் பின்னால் ஒரு சின்ன பெஞ்ச் அவளுடையது. அவளுக்கென்று இரண்டு வேலைகளும் உண்டு. ஒன்று, பெஞ்சில் ஏறி நின்று என் ஏப்ரனின் பின்பக்க முடிச்சைப் போடுவது. இன்னொன்று, ஜோடி தொலைத்த சாக்ஸ்கள் கிடக்கும் அட்டைப் பெட்டியைக் கிளறி, எதற்காவது ஜோடி வந்திருக்கிறதா என்று பார்ப்பது. இரண்டையும் செய்துகொண்டே கேள்வி கேட்பாள். கோட்டுக்கு ஏன் பின்னால் கிழித்து வைத்திருக்கிறார்கள், நுரை எங்கே போய்ச் சேருகிறது, பொத்தானுக்கு ஏன் நாலு ஓட்டை, மூணு போதாதா. முதல் பத்துக் கேள்விக்குப் பதில் சொல்வேன். பதினோராவதில் வழக்கமான வார்த்தை வந்துவிடும்: "ஏண்டி இப்படி என் உயிரை வாங்குற?"

நீங்களும் சொல்லியிருப்பீர்கள். சொல்லாத தாய் யாராவது இருந்தால் அவள் காலில் விழத் தயார்.

அன்றைக்கு ஒரு விடுதியிலிருந்து அறுபது படுக்கை விரிப்புகள் வந்திருந்தன. மெஷின் ஒன்று பாதியில் நின்றுவிட்டது. இஸ்திரி மேஜையின் ஆவியில் கடை முழுக்க வெந்துகொண்டிருந்தது. காலையிலிருந்து ஒரு வாய் சாப்பிடவில்லை. ரேடியோ பின்னால் நின்று முடிச்சுப் போட்டபடி, எறும்புக்கு முட்டி இருக்கா என்று கேட்டாள். நான் பதில் சொல்லவில்லை. திரும்பக் கேட்டாள். நாலாவது தடவையோ ஐந்தாவது தடவையோ, நான் திரும்பி, கடையே அதிரும்படி கத்தினேன்.

"என் உயிரை முழுசா வாங்கிட்டுத்தான் விடுவியா நீ?"

கத்தி முடிக்கவும் கண் இருட்டவும் சரியாக இருந்தது. அப்படியே விரிப்புகள் மேல் சரிந்துவிட்டேன். இரண்டு நிமிஷம்கூட இருக்காது. இஸ்திரி அண்ணன் முகத்தில் தண்ணீர் தெளித்தார், யாரோ சர்க்கரைத் தண்ணீர் கொடுத்தார்கள், எழுந்து உட்கார்ந்துவிட்டேன். டாக்டர் பார்த்துவிட்டு, வெறும் வயிறு, வெக்கை, வேறொன்றுமில்லை, நேரத்துக்குச் சாப்பிடுங்கள் என்று அனுப்பிவிட்டார். ரேடியோ பெஞ்சின் மேலேயே நின்றுகொண்டிருந்தாளாம். ஆளாளுக்கு அவளிடம் ஒண்ணுமில்லம்மா, ஒண்ணுமில்ல என்று சொன்னார்களாம். நானும் அதையேதான் சொன்னேன். என்ன நடந்தது என்று மட்டும் ஒருவரும் சொல்லவில்லை.

மறுநாளிலிருந்து ரேடியோ அணைந்துவிட்டது.

உண்மையைச் சொல்ல வேண்டும் இல்லையா, முதல் இரண்டு நாள் எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. பெண்ணுக்குப் பொறுப்பு வந்துவிட்டது என்று இஸ்திரி அண்ணனிடம் பெருமையடித்துக்கொண்டேன். மூன்றாம் நாள்தான் கவனித்தேன், அவள் தண்ணீர்கூடக் கேட்பதில்லை. தட்டில் வைத்ததைச் சாப்பிடுவாள், வைக்காவிட்டால் பேசாமல் எழுந்துவிடுவாள். செருப்பு கடித்துக் கால் புண்ணாகியிருந்தது. அதையும் சொல்லவில்லை, நான் கால் கழுவிவிடும்போதுதான் பார்த்தேன். காலையானால் வயிற்றுவலி. டாக்டர் வயிற்றை அமுக்கிப் பார்த்தார், ஒன்றும் கிடைக்கவில்லை.

இரண்டாவது வாரம் பள்ளியிலிருந்து கூப்பிட்டார்கள். வகுப்பில் உட்கார்ந்த இடத்திலேயே ஒன்றுக்குப் போய்விட்டாள். வெளியே போகணும் என்று டீச்சரிடம் கேட்கவில்லை. கூப்பிட்டால் பதில் இல்லை, எதையும் கேட்பதும் இல்லை, வீட்டில் ஏதாவது பிரச்சினையா என்று டீச்சர் மெதுவாகக் கேட்டார். எனக்குச் சுருக்கென்றது. வீட்டில் என்ன பிரச்சினை, நாங்கள் என்ன அடிக்கிறோமா, உதைக்கிறோமா என்று அங்கேயே எகிறிவிட்டு வந்தேன். வீட்டுக்கு வந்து அவளைத் திட்டினேன். பிறகு கொஞ்சினேன். பொம்மை வாங்கித் தருகிறேன் என்றேன். வாங்கித் தருகிறேன் என்றதும் ஒரு அடி பின்னால் நகர்ந்தாள். அது ஏன் என்று எனக்கு அப்போது உறைக்கவில்லை.

ஒரே ஒரு கேள்விதான் அந்த மூன்று வாரத்தில் அவளிடமிருந்து வந்தது. அதுவும் என்னிடம் இல்லை. வேனில் போகும்போது அப்பாவிடம், வாங்கினதைத் திருப்பிக் குடுக்க முடியுமா என்று கேட்டிருக்கிறாள். பில் இருந்தால் கொடுக்கலாம் என்று அவரும் சொல்லியிருக்கிறார். வியாபாரிக்குப் பிறந்தது தப்புமா என்று என்னிடம் சொல்லிச் சிரித்தார். நானும் சிரித்தேன். கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைகிறவர்கள் நாங்கள் இரண்டு பேரும்தான்.

இதற்கு நடுவில் கடையில் ஒரு நம்பர் காணாமல் போயிற்று. சுருளில் இருநூற்றுப் பதிமூன்றுக்கு அப்புறம் இருநூற்றுப் பதினைந்து நிற்கிறது. பதினான்கின் இரண்டு பாதியும் இல்லை. ஒரு நம்பர் குறைந்தால் ஒரு துணி எங்கேயோ தொலைந்திருக்கிறது என்று அர்த்தம். இரண்டு நாள் எல்லாக் கம்பிகளையும் தேடினேன், எல்லா உறைகளையும் பிரித்தேன். கடைசியில் இஸ்திரி அண்ணன் மேல் பாய்ந்தேன். கவனமில்லாமல் யார் துணியையோ யாரிடமோ தூக்கிக் கொடுத்துவிட்டீர்கள் என்று வாய்க்கு வந்தபடி பேசினேன். பன்னிரண்டு வருஷத்தில் ஒரு பொத்தான்கூடத் தொலைக்காத மனுஷன். இஸ்திரியைத் திருப்பி வைத்துவிட்டு வெளியே போய் நின்றுகொண்டார். ரேடியோ பெஞ்சில் உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமைதான் என் நாத்தனார் வந்தார். என் வீட்டுக்காரருக்கு அக்கா, எனக்கு அண்ணி. குழந்தைகள் ஆஸ்பத்திரியில் நர்ஸ். அவருக்கு ஊசி போடுவதுதான் வேலை. ரேடியோவுக்கு அவர் ஊசி அத்தை. அவருக்குப் பிள்ளை கிடையாது.

எனக்கும் அவருக்கும் சண்டை என்று எதுவும் இல்லை. ஆனால் ஒட்டும் இல்லை. ரேடியோ கைக்குழந்தையாக இருந்தபோது, பிள்ளையை இப்படித் தூக்கு, அப்படித் தூக்காதே என்று ஏதோ சொன்னார். நான் சமையலறைக்குள் போய் வீட்டுக்காரரிடம், "பெத்துப் பாத்தாத்தானே தெரியும், சும்மா யோசனை சொல்ல யாரால முடியாது" என்றேன். மெதுவாகச் சொன்னதாகத்தான் நினைத்தேன். என் மெதுவே நாலு வீட்டுக்குக் கேட்கும். வெளியே வந்தபோது அண்ணி செருப்பை மாட்டிக்கொண்டிருந்தார். சிரித்துக்கொண்டே போய்வருகிறேன் என்றார். அவர் காதில் விழுந்ததா இல்லையா என்று ஐந்து வருஷமாக எனக்கு ஒரு சந்தேகம் இருந்தது.

இந்த முறை என் வீட்டுக்காரர்தான் அவரை வரச் சொல்லியிருக்கிறார். எனக்கு அது பிடிக்கவில்லை. பெற்றவளுக்குத் தெரியாததை இவர் வந்து கண்டுபிடிக்கப் போகிறாராக்கும் என்று உள்ளுக்குள் பொருமிக்கொண்டே கடையைத் திறந்தேன். ஞாயிற்றுக்கிழமை வாடிக்கையாளர்கள் கிடையாது. மிச்ச வேலைக்குத்தான் திறப்போம். இஸ்திரி அண்ணனும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு ஒரு ஓரமாக வேலை பார்த்துக்கொண்டிருந்தார்.

அண்ணி ரேடியோவை மடியில் இழுத்துப் போட்டுக் கொஞ்சவில்லை. என்ன ஆச்சு உனக்கு என்றும் கேட்கவில்லை. சாக்ஸ் பெட்டியைத் தரையில் கவிழ்த்து, பக்கத்தில் உட்கார்ந்து ஜோடி தேட ஆரம்பித்தார். கொஞ்ச நேரத்தில் ரேடியோவும் உட்கார்ந்தாள். இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் சாக்ஸையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். கால் மணி நேரம் போயிருக்கும். எனக்குப் பொறுமை போய்விட்டது. ஜோடி சேர்க்கவா இவ்வளவு தூரம் பஸ் ஏறி வந்தார் என்று நினைத்தேன்.

அப்போதுதான் அவர் ஆஸ்பத்திரிக் கதையை எடுத்தார். ஊசி போட வருகிற பிள்ளைகளில் பாதிப் பேருக்கு ஊசிக்கு முன்னாலேயே வயிறு வலிக்கும், அது பொய் வலி இல்லை, நிஜ வலிதான் என்றார். கவலை உட்கார இடம் தேடுமாம். சில பேருக்குத் தொண்டையில் உட்காருமாம், சில பேருக்கு வயிற்றில், அவருக்கே தோளில்தான் உட்காருமாம். பிறகு ஒரு சாக்ஸை மடித்தபடி கேட்டார்.

"உனக்கு எங்க உக்காந்திருக்கு?"

ரேடியோ வயிற்றில் கை வைத்தாள்.

"ஆறு வயசுக்கு என்ன கவலை" என்று நான் வாயைத் திறந்துவிட்டேன். அண்ணி என்னைப் பார்த்தார். கோபம் இல்லாத பார்வைதான், ஆனால் நான் பேச வந்ததை விழுங்கிவிட்டேன். உள்ளே போய் அந்தக் கோட்டுகளைக் கொஞ்சம் பார் என்றார். கோட்டுகளில் பார்க்க ஒன்றும் இல்லை என்பது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். நான் போய்க் கோட்டு வரிசைக்குப் பின்னால் நின்றுகொண்டேன். பிளாஸ்டிக் உறைகளின் சந்து வழியாக அவர்களின் கைகள் மட்டும் தெரிந்தன.

அந்தக் கவலை என்ன அளவு, இதில் எடுத்துக் காட்டு என்று கேட்டார் அண்ணி. ரேடியோ குவியலைக் கிளறினாள். குழந்தை சாக்ஸை ஒதுக்கினாள், பள்ளிக்கூட சாக்ஸை ஒதுக்கினாள். அடியிலிருந்து பந்து விளையாடுகிறவர்கள் போடும் முழங்கால் வரை வருகிற நீல சாக்ஸை உருவி எடுத்துத் தன் வயிற்றின் மேல் வைத்துக்கொண்டாள். அது அவள் உயரத்துக்குப் பாதி இருந்தது.

"அடேயப்பா" என்றார் அண்ணி. "இவ்வளவு பெருசையா தனியா தூக்கிட்டுத் திரியுற? உள்ள என்ன இருக்கு?"

இஸ்திரி அண்ணன் ஆவியை நிறுத்திவிட்டார்.

"நான் அம்மா உயிரை வாங்கிட்டேன் அத்தை" என்றாள் ரேடியோ.

என் கை தானாகக் கம்பியைப் பிடித்துக்கொண்டது. அண்ணி சிரிக்கவில்லை, சேச்சே என்று சொல்லவில்லை. ஓ, அப்படியா, எப்படி வாங்கினே என்றுதான் கேட்டார். அவ்வளவுதான், மூன்று வாரமாக அணைந்து கிடந்த ரேடியோ கொட்டத் தொடங்கியது. கேள்வி கேட்டால் கொஞ்சம் வாங்கிடுவேன். தண்ணி கேட்டாக்கூட வாங்கிடுவேன். அம்மாவே சொன்னாங்க. அன்னிக்கு எறும்பு கேட்டேனா, முழுசா வாங்கிட்டேன், அம்மா விழுந்துட்டாங்க. அப்புறம் எழுந்துட்டாங்க, கொஞ்சம் மிச்சம் இருந்திருக்கும். அதான் இப்ப எதுவுமே கேக்கறதில்ல. டீச்சர் பாவம், அவங்ககிட்ட முப்பது பிள்ளைங்க வாங்கறாங்க. திருப்பிக் குடுத்துடலாம்னு பாத்தேன். ஆனா பில் இல்ல.

நான் அழுதுகொண்டிருந்தேன். யாரோ ஒருவரின் கோட்டு உறையில் முகத்தை வைத்துக்கொண்டு, சத்தம் வராமல். என் வாழ்க்கையிலேயே சத்தம் இல்லாமல் நான் செய்த முதல் காரியம் அதுவாகத்தான் இருக்கும்.

இவ்வளவு பெரிய விஷயத்துக்கு நீ ஏதாவது பண்ணியிருப்பியே, என்ன பண்ணினே என்று கேட்டார் அண்ணி. எனக்கு அந்தக் கேள்வி தோன்றியே இருக்காது. ரேடியோ எழுந்து போய்ப் பள்ளிப் பையைத் திறந்தாள், பென்சில் டப்பாவைத் திறந்தாள், ரப்பருக்கு அடியிலிருந்து மடித்த காகிதம் ஒன்றை எடுத்தாள்.

"அம்மாமேல ஒண்ணு குத்திட்டேன். இது என்னோடது. சீட்டு என் கையில இருக்கிற வரைக்கும் அம்மா எங்கயும் போக மாட்டாங்க."

இஸ்திரி அண்ணன் மேஜையை விட்டு வந்தார். கோட்டுகளைத் தள்ளிக்கொண்டு என் பின்னால் வந்து, என் ஏப்ரன் முடிச்சைத் தூக்கி, பட்டையின் உள்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தார். ஊக்கைக் கழற்றாமல் நம்பரை மட்டும் படித்தார். இருநூற்றுப் பதினான்கு. தன் முதுகு தனக்குத் தெரியாது என்பதைச் சும்மா சொல்லி வைக்கவில்லை. ஊரான் துணியெல்லாம் புரட்டிப் போட்டுத் தேடிய நம்பரை நான் முதுகில் சுமந்துகொண்டு ஒரு நல்ல மனுஷனைத் திட்டியிருக்கிறேன். அங்கேயே அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். அவர் என் தோளைப் பிடித்து முன்னால் தள்ளினார். முதல்ல பிள்ளைகிட்ட போம்மா என்றார்.

போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன். அழுத முகத்தைப் பார்த்ததும் அவள் பயந்துவிட்டாள். ஒண்ணுமில்லடி என்று நாக்கு நுனி வரை வந்துவிட்டது. அண்ணி என் முழங்கையைத் தொட்டார். இருக்கிறதைச் சொல்லு, அவளுக்குப் புரியும் என்றார். ஊசி போடும்போதும் அவர் அப்படித்தானாம். வலிக்காது என்று ஒரு பிள்ளையிடமும் சொன்னதில்லையாம். வலிக்கும், ஐந்து எண்ணும் வரைக்கும் வலிக்கும், எண்ணலாமா என்றுதான் கேட்பாராம்.

எனக்குச் சுற்றி வளைக்கத் தெரியாது. அன்றைக்குக் காலையிலிருந்து சாப்பிடவில்லை, ரொம்ப வெக்கை, உடம்பில் தெம்பு இல்லாமல் போய்விட்டது, அதனால் விழுந்தேன், நீ கேட்டதால் இல்லை என்றேன். உயிரை யாரும் யாரிடமிருந்தும் வாங்க முடியாது, அது ஒரு பேச்சு, பெரியவர்கள் யோசிக்காமல் பேசுகிற கெட்ட பேச்சு என்றேன். அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்ப ஏன் சொன்ன?"

நான் கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

"பசிக்குது, களைப்பா இருக்குன்னு சொல்லத் தெரியாம அதைச் சொல்லிட்டேன். அம்மா பண்ணினது தப்பு."

அவள் நம்பினாளா என்று முகத்தில் தெரியவில்லை. பேச்சாலேயே வந்த பயம் பேச்சால் மட்டும் போய்விடுமா? அண்ணி அவள் இரண்டு விரல்களைப் பிடித்து என் மணிக்கட்டில், கட்டை விரலுக்குக் கீழே வைத்தார். அமுக்காதே, சும்மா வை என்றார். கொஞ்ச நேரம் தேடினாள். அப்புறம் அவள் கண் விரிந்தது.

"துடிக்குது."

எத்தனை என்று எண்ணச் சொன்னார் அண்ணி. அவளுக்கு நூறு வரை தெரியும். நூறு வரை எண்ணிவிட்டு மறுபடியும் ஒன்றிலிருந்து ஆரம்பித்தாள். பிறகு தன் கையில் வைத்துப் பார்த்தாள், அத்தை கையில் பார்த்தாள், இஸ்திரி அண்ணனைக் கூப்பிட்டு அவர் கையிலும் பார்த்தாள். அவரவர் உயிர் அவரவரிடமே முழுசாக இருந்தது. திரும்ப என்னிடம் வந்து, நீ மறுபடி விழுவியா என்று கேட்டாள்.

விழவே மாட்டேன் என்று சத்தியம் பண்ணத்தான் எனக்கு ஆசை. அண்ணி என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சாப்பிடாம இருந்தா விழலாம்" என்றேன். "விழுந்தா எழுந்துடுவேன். உன்னால ஒரு உதவி பண்ண முடியுமா?"

என்னென்ன செய்ய வேண்டும் என்று மூன்று பேருமாகச் சொல்லிக் கொடுத்தோம். சத்தமாக இஸ்திரி அண்ணனைக் கூப்பிட வேண்டும், கவுண்டருக்குக் கீழே சர்க்கரை டப்பா இருக்கிறது, தண்ணீர் இங்கே இருக்கிறது. ஒருமுறை நடித்தும் காட்டச் சொன்னாள். நான் விரிப்புகள் மேல் தத்ரூபமாக விழுந்தேன். அவள் ஓடிப்போய் அண்ணனை இழுத்துக்கொண்டு வந்தாள். பாதித் தண்ணீர் என் காதுக்குள் போயிற்று. அப்புறம் அண்ணி அவளிடம் சாக்ஸ் குவியலைக் காட்டி, இப்ப எது என்றார். பள்ளிக்கூட சாக்ஸ் ஒன்றை எடுத்துக் காட்டினாள்.

சாயங்காலம் அண்ணியைப் பஸ் நிறுத்தம் வரை கொண்டுபோய் விட்டேன். பஸ் தூரத்தில் தெரிந்ததும், இனிமேலும் தள்ளிப்போடக் கூடாது என்று ஆரம்பித்தேன்.

"அண்ணி, அஞ்சு வருஷத்துக்கு முன்னாடி, சமையல்கட்டுல நான் ஒரு வார்த்தை..."

"கேட்டுச்சு" என்றார்.

நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவர் தோள் பையைச் சரிசெய்துகொண்டார். "உன் வாய் எனக்குத் தெரியும்மா. ஆனா அது ரொம்ப நாள் இங்கதான் உக்காந்திருந்துச்சு" என்று தோளைத் தொட்டுக் காட்டினார்.

"எந்த சைஸ் அண்ணி?"

"அந்த நீல சாக்ஸைவிடப் பெருசு."

மன்னிச்சுடுங்க என்றேன். அதற்கு அலங்காரம் எதுவும் எனக்குத் தெரியவில்லை. பஸ் வந்து நின்றது. அவர் ஏறுவதற்கு முன்னால் என் கன்னத்தை ஒரு தட்டுத் தட்டிவிட்டு, வேளைக்குச் சாப்பிடு என்றார். பஸ் போன பிறகும் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றேன். பிள்ளை பெறாத ஒருத்திதான் அன்று என் பிள்ளையை எனக்குத் திரும்பக் கொடுத்தார். அதற்கு நன்றி சொல்ல என் வாயில் ஒரு வார்த்தை இல்லாமல் போயிற்றே என்று எனக்கு என் மேலேயே ஆத்திரமாக இருந்தது.

எல்லாம் ஒரே நாளில் சரியாகிவிடவில்லை. பள்ளியில் வாய் திறக்க இன்னும் இரண்டு வாரம் ஆயிற்று. டீச்சரிடம் போய் நானே நடந்ததைச் சொல்லி, அன்று எகிறியதற்கும் வருத்தம் தெரிவித்தேன். அவர் பெருந்தன்மையாக எடுத்துக்கொண்டார். தினமும் பள்ளி விட்டு வந்ததும் ரேடியோ ஒரு சாக்ஸை எடுத்துக் காட்டுவாள். எதுவாக இருந்தாலும் நான் ஒண்ணுமில்ல என்று சொல்லக் கூடாது. உள்ளே என்ன என்று மட்டும் கேட்க வேண்டும். சில நாள் பெரிதாக வரும், சில நாள் கைக்குழந்தை சாக்ஸ் வரும். இது சும்மா, பழக்கத்துக்கு எடுத்தேன் என்றும் ஒரு நாள் சொன்னாள்.

என் பாடுதான் திண்டாட்டம். வாயைக் கவனிக்க ஆரம்பித்த பிறகுதான் தெரிந்தது, ஒரு நாளைக்கு நான் எத்தனை பேரைக் கொல்கிறேன், எத்தனை தடவை சாகிறேன், எத்தனை முறை தலை வெடிக்கிறேன் என்று. கொன்னுடுவேன் என்று ஆரம்பித்தால் இஸ்திரி அண்ணன் தொண்டையைச் செருமுவார். உடனே, "கொன்... கொஞ்சம் தள்ளி உக்காருடி" என்று முடிப்பேன். களைப்பா இருக்கு, பத்து நிமிஷம் கழிச்சுக் கேளு என்று சொல்லப் பழகிக்கொண்டிருக்கிறேன். அவள் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு சரியாகப் பத்து நிமிஷம் கழித்துக் கேட்பாள்.

ஒரு நாள் பெஞ்சில் ஏறி முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தவள், நடுவில் நிறுத்தினாள். ஊக்கு கழலும் சத்தம் கேட்டது. முன்னால் வந்து, இரண்டு பாதியையும் கவுண்டரில் வைத்தாள். அவள் கையிலிருந்த பாதி மடிந்து மடிந்து நைந்துபோயிருந்தது.

"எனக்கு வேணாம்மா. நீ இங்கதானே இருக்க" என்றாள். பிறகு மூச்சு விடாமல், "எறும்புக்கு முட்டி இருக்கா?" என்றாள்.

தெரியாது என்றேன். இருவரும் கடை வாசலில் குந்தி உட்கார்ந்து, சுவரோரம் போன எறும்புகளைப் பார்த்தோம். காலை மடக்கித்தான் நடக்கின்றன, அப்படியானால் முட்டி மாதிரி ஏதோ இருக்கத்தான் வேண்டும் என்று முடிவு பண்ணினோம். ஒரு வாடிக்கையாளர் வந்து நின்று எங்களைப் பார்த்துவிட்டு, அவரும் குனிந்தார்.

அந்த வாரம் அண்ணியின் வெள்ளைக் கோட்டுகள் துவைக்க வந்தன. என் வீட்டுக்காரர்தான் வேனில் எடுத்து வந்தார். நானே கறை எடுத்தேன், இஸ்திரி அண்ணன் காலரைக் கத்தி போல நிறுத்தினார். உறை போடும் முன் ரேடியோவைக் கூப்பிட்டுக் காதில் ஒரு யோசனை சொன்னேன். அவள் பெஞ்சில் ஏறி நின்று, ஒரு கோட்டின் உள்பக்கம், சரியாகத் தோளில், கவலை உட்காருகிற இடத்தில், இருநூற்றுப் பதினான்கைக் குத்தினாள்.

என் வீட்டுக்காரர் கோட்டுகளைக் கொண்டுபோய்க் கொடுத்த மறுநாள் காலையில் கடை போன் அடித்தது. அண்ணிதான். கோட்டுல நம்பர் அப்படியே இருக்கே, எடுக்க மறந்துட்டியா என்று கேட்டார். நான் கல்லாப்பெட்டி மூலையில் வைத்திருந்த நைந்த பாதியை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டேன்.

"மறக்கல அண்ணி" என்றேன். "சீட்டு என் கையிலதான் இருக்கு."